ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போட்டித் தேர்வும்: வேலூர் பக்கத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

குடியாத்தம், ஆம்பூர், காட்பாடி, ஆற்காடு என்று எந்தப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தாலும் இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளைத் தந்திருக்கிறோம். கணக்குக் காட்டும் இடங்களில், படைப் பணிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் உறைவிடப் பள்ளியான சைனிக் பள்ளியின் நுழைவுத் தேர்வை எடுத்துக்கொண்டோம். விதிகள் ஆண்டுக்காண்டு மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் தகவல் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அஞ்சாவது படிக்கிற புள்ளைக்கு என்னென்ன பரீட்சைங்க இருக்குது?

சேர்க்கைக்கு வழி செய்யும் தேர்வு என்றால் முதலில் வருவது சைனிக் பள்ளி 6ஆம் வகுப்பு நுழைவுத் தேர்வு. திருப்பூர் மாவட்டம் அமராவதி நகரில் இருப்பது பழைய சைனிக் பள்ளிகளில் ஒன்று. 2021-22 முதல் எல்லா சைனிக் பள்ளிகளிலும் பெண் பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். இது தெரியாமலேயே மகளை விட்டுவிட்டு மகனுக்கு மட்டும் விண்ணப்பம் போடுகிற வீடுகள் நம் பக்கத்தில் நிறைய.

மத்திய அரசின் உறைவிடப் பள்ளியான நவோதயா பள்ளி தமிழ்நாட்டில் இல்லை. எந்த மாவட்டத்துப் பள்ளிக்கு விண்ணப்பிக்கிறோமோ அந்த மாவட்டத்திலேயே 5ஆம் வகுப்பு படிக்க வேண்டும் என்பது விதி. அதனால் எல்லை தாண்டி ஆந்திராவில் போய் எழுதலாம் என்று யாராவது சொன்னால் பணம் கட்டிவிடாதீர்கள்.

பள்ளிகளில் பணம் கட்டி எழுதும் ஒலிம்பியாட் தேர்வுகள் தனியார் நடத்துபவை. பழக்கத்துக்கு உதவும், அவற்றால் அரசுப் பள்ளியில் இடமோ அரசு உதவித்தொகையோ கிடைக்காது. மாதம் 1000 ரூபாய் வீதம் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை தரும் தேசிய வருவாய் வழி உதவித்தொகைத் தேர்வை 8ஆம் வகுப்பில்தான் எழுத முடியும். ஆனால் அதற்கு வேண்டிய வாசிப்பும் கணக்கும் 4, 5ஆம் வகுப்பில்தான் விளைகிறது.

சைனிக் பரீட்சையில எத்தினி கேள்வி? எத்தினி மார்க்?

மொத்தம் 125 கேள்விகள், 300 மதிப்பெண், 150 நிமிடம். கணக்கில் 50 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண், ஆக 150. நுண்ணறிவு, மொழி, பொது அறிவு மூன்றிலும் தலா 25 கேள்விகள், கேள்விக்கு 2 மதிப்பெண், தலா 50. பாதி மதிப்பெண் கணக்கிலேயே இருக்கிறது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது.

ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 25 விழுக்காடு, மொத்தத்தில் 40 விழுக்காடு எடுக்க வேண்டும். அதாவது 50 மதிப்பெண் பகுதி ஒவ்வொன்றிலும் 7 கேள்விகள், கணக்கில் 13 கேள்விகள் சரியாக வேண்டும். கூட்டினால் 120 வர வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு இந்தக் குறைந்தபட்ச வரம்பு இல்லை. 120 எடுத்தால் இடம் கிடைத்துவிடும் என்று பொருளில்லை, இடத்தைத் தருவது தரவரிசை. அதன்பின் மருத்துவப் பரிசோதனையும் உண்டு.

கிளாஸ்ல ஃபர்ஸ்ட் வர்றான். இதுல மட்டும் ஏன் மார்க் வர மாட்டேங்குது?

முதல் காரணம் பாடத்திட்டம். சதவீதம், தனிவட்டி, லாப நட்டம், விகிதம், மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.), மீப்பெரு பொதுக் காரணி (மீ.பெ.கா.) எல்லாம் சைனிக் தேர்வின் கணக்குப் பகுதியில் வருகின்றன. நம் மாநிலப் பாடநூலில் இவை 6, 7ஆம் வகுப்பில்தான் வருகின்றன. வகுப்பில் முதல் மாணவன் தேர்வில் திணறினால் அவனுக்கு மூளை இல்லை என்று பொருளில்லை. அந்தப் பாடத்தை யாரும் அவனுக்கு நடத்தவில்லை. 6ஆம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களோடு, 7ஆம் வகுப்பிலிருந்து சதவீதமும் தனிவட்டியும் உள்ள பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஐந்தாறு மாதம் ஒதுக்குங்கள். கடை வழிகாட்டி நூலைவிட இவற்றில் விளக்கம் தெளிவு.

இரண்டாவது, வகுப்புத் தேர்வில் பின்னம் நடத்திய வாரம் பின்னம் கேட்பார்கள். எந்த முறையில் செய்ய வேண்டும் என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடும். போட்டித் தேர்வில் பரப்பளவுக்குப் பக்கத்தில் ரோமன் எண், அதற்குப் பக்கத்தில் சராசரி. இது என்ன வகைக் கணக்கு என்று முடிவெடுப்பதே தனி வேலை. அதனால் வீட்டுப் பயிற்சியில் ஒரே வகைக் கணக்கை இருபது முறை போடச் சொல்வதைக் குறைத்து, ஐந்து வகையில் நான்கு நான்கு கலந்து கொடுங்கள். முதல் இரண்டு வாரம் தவறு கூடும். பயந்து பழைய முறைக்குத் திரும்பிவிடாதீர்கள்.

மூன்றாவது, நேரம். 150 நிமிடத்தை 125 கேள்விக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 72 விநாடி. பரவலாக எழுதப்படும் ஒரு ஒலிம்பியாடில் 4ஆம் வகுப்பு வரை ஒரு மணி நேரத்துக்கு 35 கேள்விகள், அதாவது ஒன்றுக்கு ஏறக்குறைய 103 விநாடி. 5ஆம் வகுப்பில் அதே ஒரு மணிக்கு 50 கேள்விகள், அங்கேயும் 72 விநாடிதான். போன வருடம் நன்றாக எழுதியவள் இந்த வருடம் சறுக்கினாள் என்றால், படிப்பு குறைந்துவிட்டது என்று திட்டுவதற்கு முன் இந்த எண்களைப் பாருங்கள்.

எங்க தப்பு பண்றான்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது?

தவறான ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு வரிசையாக ஐந்து கேள்விகள் கேளுங்கள். இதைச் சத்தமாகப் படி. என்ன கேட்டிருக்கிறார்கள், உன் சொல்லில் சொல். எப்படிச் செய்யப் போகிறாய்? செய்து காட்டு. விடை எது? ஆஸ்திரேலியக் கல்வியாளர் நியூமன் 1970களில் வகுத்த முறை இது. எந்தப் படியில் பிள்ளை முதலில் தடுமாறுகிறதோ அங்கேதான் நோய். அதற்குப் பிந்தைய படிகளுக்கு மருந்து கொடுத்துப் பயனில்லை.

ஓர் எடுத்துக்காட்டு: ‘கண்ணனிடம் 24 கோலிகள் உள்ளன. இது மணியிடம் உள்ளதைவிட 8 அதிகம். மணியிடம் எத்தனை?’ நிறைய பிள்ளைகள் 32 என்பார்கள். ‘அதிகம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கூட்டிவிட்டார்கள். சரியான விடை 16. இந்தப் பிள்ளைக்குக் கூட்டலும் தெரியும், கழித்தலும் தெரியும்; இரண்டாவது படியில் விழுந்திருக்கிறது. இதற்குப் பக்கம் பக்கமாகக் கழித்தல் போடச் சொன்னால் கை வலிக்கும், தவறு அப்படியே இருக்கும். யாரிடம் அதிகம், யாரிடம் குறைவு என்று இரண்டு கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள், சிறியது மேலே, பெரியது கீழே. பத்து நாளில் மாற்றம் தெரியும்.

மாதிரித் தேர்வு எழுத வைத்தால் பதினைந்து நாளுக்கு ஒன்று போதும். 150 நிமிடத் தேர்வுக்குக் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் தவறுகளை இப்படி அலசுவதற்கு வேண்டும். வாரம் மூன்று தேர்வு வைத்து மதிப்பெண்ணை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் இடங்களில் பிள்ளையின் தவறு மாறுவதில்லை, அதே தவறு பழக்கமாக இறுகுகிறது.

கணக்கு வருது, டைம்தான் பத்தலங்க. இன்னா பண்றது?

இரண்டில் ஒன்று. வாசிப்பு மெதுவாக இருக்கும், அல்லது வாய்ப்பாடு உடனே வராது. முதலாவதைச் சோதிக்க, பத்து வாக்கியக் கணக்குகளைச் செய்யாமல் வெறுமனே சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கடிகாரம் பாருங்கள். நான்கு நிமிடத்துக்கு மேல் போனால், 72 விநாடியில் படிக்கவே 24 விநாடி போகிறது என்று அர்த்தம். தமிழில் ‘வைத்திருந்தவர்களுக்கெல்லாம்’ மாதிரி நீண்ட சொற்கள் உண்டு; எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை இப்படியொரு சொல்லிலேயே மூச்சு வாங்கும். தினம் 15 நிமிடம் கதைப் புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

வாய்ப்பாட்டுக்கு, 7×8 என்று திடீரென்று கேளுங்கள். மூன்று விநாடிக்குள் 56 வர வேண்டும். ‘ஏழொண்ணு ஏழு’ என்று முதலிலிருந்து முணுமுணுத்து வந்தால் அது பாட்டாக மனப்பாடம் ஆகியிருக்கிறதே தவிர, எண்ணாக ஏறவில்லை. 6, 7, 8, 9 வாய்ப்பாடுகளைச் சீட்டில் எழுதிக் கலைத்துப் போட்டுக் கேளுங்கள்.

எங்க வூட்ல உருது பேசுறோம். பக்கத்து வூட்ல தெலுங்கு. புள்ளைங்க தமிழ்ல படிக்குது. அதனால கொறையுமா?

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டில் உருது. குடியாத்தம், காட்பாடி ஓரத்தில் தெலுங்கு. நம் மாவட்டங்களில் இது சாதாரணம். இரண்டு மொழி தெரிவது குறையே அல்ல. சிக்கல் வருவது கேள்வித்தாள் தமிழில்: தலா, வீதம், எஞ்சிய, குறைந்தபட்சம், முறையே, ஏதேனும் இரண்டு. இவை வீட்டுப் பேச்சில் வராதவை. சொல்லப்போனால் வீட்டில் தமிழே பேசும் பிள்ளைக்கும் ‘முறையே’ புரிவதில்லை. இப்படி நாற்பது சொற்களைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் வீட்டு மொழியில் ஒரு கணக்குச் சொல்லிக் காட்டினால் பாதித் தடை நீங்கும்.

சைனிக் தேர்வின் 6ஆம் வகுப்புத் தாள் தமிழ் உட்பட 13 மொழிகளில் கிடைக்கிறது. எந்த மொழி என்பதை விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும். பிள்ளை எந்த மொழியில் கணக்குப் படித்ததோ அதையே தேர்ந்தெடுங்கள். கௌரவத்துக்காக ஆங்கிலம் போட்டுவிட்டு, ‘பெரிமீட்டர்’ என்றால் சுற்றளவு என்று தேர்வறையில் யோசிக்க வைப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

நல்லாத்தான் சாப்புடுறா, ஆனா பதினோரு மணிக்கே சோர்ந்து போறா. சத்து மாத்திரை குடுக்கலாமா?

முதலில் இரத்தத்தைப் பாருங்கள். 5 முதல் 11 வயதுப் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை. வெளியே தெரிவது கவனக்குறைவு, எரிச்சல், தூக்கம். ‘அக்கறை இல்லாத பிள்ளை’ என்று பெயர் வாங்கியவர்களில் சிலருக்கு உண்மையில் இருப்பது இதுதான். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையும், குடற்புழுவுக்கு ஆண்டுக்கு இருமுறை தரும் அல்பெண்டசோலும் இதற்காகத்தான். ‘வயித்த வலிக்கும்’ என்று சொல்லி வாங்காமல் விடாதீர்கள். இரும்பு மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் கொடுங்கள், அதற்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ வேண்டாம், டீ இரும்பை உடலில் சேரவிடாது. கொய்யாவும் நெல்லியும் சேர உதவும். தனியாக டானிக் வாங்குவதானால் மருத்துவரைக் கேட்டபின்.

2022 செப்டம்பர் 15இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. பள்ளியில் சாப்பிட்டே பழகிய பிள்ளைக்கு, தேர்வு நடக்கும் சனி, ஞாயிறில் அந்த உணவு இருக்காது என்பதை மறந்துவிடுகிறோம். அன்று காலை பழகிய இட்லி, பொங்கலே கொடுங்கள். புதிதாக எதையும் வேண்டாம்.

ராத்திரி பத்தரை வரைக்கும் உக்கார வெச்சுப் படிக்க வைக்கிறோம். போதுமா?

அதிகம். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். பகலில் படித்தது மூளையில் பதிவது தூக்கத்தில்தான். காலை ஆறுக்கு எழும் பிள்ளை இரவு ஒன்பதுக்குள் படுத்தாக வேண்டும். ஏப்ரல், மே வேலூர் வெயிலில் ஷீட் போட்ட வீடு இரவு பத்து மணிக்கும் அனலாக இருக்கும். அந்த மாதங்களில் படிப்பை விடியற்காலைக்கு மாற்றி, மதியம் ஒரு தூக்கம் போட விடுங்கள்.

கண்ணு நல்லாத்தான் தெரியுதுன்னு சொல்றானே?

பிறந்ததிலிருந்து மங்கலாகவே பார்த்த பிள்ளைக்கு மங்கல் என்றால் என்னவென்றே தெரியாது. தினசரி காலண்டரைச் சுவரில் மாட்டி, எட்டிப் போய் நிற்க வைத்து, ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தாலோ, கரும்பலகையிலிருந்து எழுதும்போது எண்கள் மாறினாலோ கண் மருத்துவரிடம் போங்கள். வேலூரில் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனையும், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன.

நான் பீடி சுத்துறேன், அவரு தோல் ஷாப்புக்குப் போறாரு. எங்களுக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியாதே?

சொல்லிக் கொடுக்க வேண்டாம், கேட்டால் போதும். வேலை செய்துகொண்டே பிள்ளையைக் கதை வாசிக்கச் சொல்லுங்கள். கதை உங்களுக்குப் புரிந்தால் பிள்ளை நன்றாக வாசிக்கிறது. புரியவில்லை என்றால் ‘திரும்பப் படி, எனக்கு விளங்கல’ என்று சொல்லுங்கள். படிக்காத தாயால் செய்யக்கூடிய மிக நல்ல வாசிப்புப் பயிற்சி இது. கணக்கில் விடை வந்ததும் ‘எப்படி வந்துச்சு?’ என்று கேளுங்கள். அந்த விளக்கத்தைச் சொல்லும்போதே பிள்ளை தன் தவறைப் பிடித்துவிடும்.

ஆனால் ஒன்று. பீடி மடிக்க, தீப்பெட்டி வேலைக்கு, தறிக்கு நூல் சுற்ற என்று மாலை இரண்டு மணி நேரம் பிள்ளையின் கையைக் கேட்டால், அந்த நேரம் வேறெங்கிருந்தும் திரும்பி வராது. அதேபோல் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகும் மாதங்களிலும், மலைக் கிராமங்களில் அறுவடைக் காலத்திலும் விடுபடும் பள்ளி நாட்கள். பின்னம் பத்து நாளில் நடத்தி முடிக்கும் பாடம். அந்தப் பத்து நாள் வராத பிள்ளை தசமம், சதவீதம், விகிதம் எல்லாவற்றிலும் தொடர்ந்து தடுக்கி விழும். போவதற்கு முன் என்ன பாடம் நடக்கப் போகிறது என்று ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொண்டால், திரும்பி வந்ததும் அதை மட்டும் முதலில் நிரப்பலாம்.

ரீசனிங்னு ஒண்ணு கேக்குறாங்களே, அது பொறவியிலயே வர்றதுதானே?

இல்லை. சைனிக் தேர்வில் நுண்ணறிவு என்று வரும் பகுதிதான் இது. நான்கு பகுதிகளில் மிகச் சீக்கிரம் ஏறுவதும் இதுதான், ஆறேழு வாரம் தினம் அரை மணி போதும். கண்ணாடி உருவத்துக்கு உண்மையான கண்ணாடியை வைத்துக் காட்டுங்கள். மடித்து வெட்டும் கேள்விக்குப் பழைய நாளிதழை மடித்துக் கத்தரிக்கச் சொல்லுங்கள். வாசலில் புள்ளிக் கோலம் போடுகிற பெண் பிள்ளைக்குச் சுழற்சியும் சமச்சீரும் கையிலேயே இருக்கிறது. ‘இந்தக் கோலத்தைக் கால் சுற்று திருப்பினால் எப்படி இருக்கும்?’ என்று கேட்டால் போதும். பையன்களையும் கோலம் போடச் சொல்லலாம்.

வூட்ல எல்லாம் சொல்றா. அங்க போனா கை நடுங்குது, வயித்த வலிக்குதுன்றா.

பொய் சொல்லவில்லை, உண்மையாகவே வலிக்கும். ‘தவறாகிவிட்டால் அப்பா என்ன சொல்வார்’ என்ற எண்ணம் ஓடும்போது, கணக்கின் இடைநிலை எண்களை வைத்திருக்க வேண்டிய மனதின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. அதனால் தெரிந்ததும் வராது. சித்தப்பா பிள்ளையோடு ஒப்பிடுவதை நிறுத்துவது முதல் மருந்து. இரண்டாவது, இடம் பழகுவது. எல்லா மாதிரித் தேர்வையும் வீட்டில் எழுதாமல் உறவினர் வீடு, வேறொரு பள்ளி அறை என்று மாற்றி வையுங்கள். 6ஆம் வகுப்புக்கான சைனிக் தேர்வு மதியம் 2 முதல் 4.30 வரை நடந்துவருகிறது, சாப்பிட்டபின் கண் சொருகும் நேரம். காலையில் மட்டுமே பயிற்சி எடுத்த பிள்ளைக்கு அது புதிது. கடைசி இரண்டு மாதம் ஞாயிறு மதியம் 2 மணிக்கே உட்கார வையுங்கள்.

ஓ.எம்.ஆர். தாள்ல வட்டம் போடுறதுல இன்னா பெரிய விஷயம்?

ஓ.எம்.ஆர். என்பது இயந்திரம் திருத்தும் விடைத்தாள். 125 வட்டம், ஒன்றுக்கு நான்கு விநாடி என்றாலும் எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்தால் மணி அடித்துவிடும். பென்சிலிலேயே பழகிய கைக்கு, அழிக்க முடியாத பால்பாயின்ட் பேனா புதிது. மிக மோசமானது வரிசை நழுவுவது: 31ஐ விட்டுவிட்டு 32இன் விடையை 31இல் போட்டால், அதன்பின் தெரிந்ததெல்லாம் தவறு. கேள்வித்தாளில் ஒரு பக்கம் முடிந்ததும் வட்டமிடுவது, ஒவ்வொரு பகுதி முடிவிலும் கேள்வி எண்ணும் வட்ட எண்ணும் ஒன்றா என்று விரல் வைத்துப் பார்ப்பது, இரண்டும் பழக்கமாக வேண்டும். வெற்றுத் தாள்களை நகலெடுத்துப் பேனாவிலேயே பழக்குங்கள்.

தெரியாத கேள்விய வுட்டுடலாமா? எதுல ஆரம்பிக்கணும்?

மேலே சொன்னபடி மதிப்பெண் குறைப்பு இல்லாததால் ஒன்றையும் காலியாக விடக் கூடாது. நான்கு விடைகளில் கண்ணை மூடிப் போட்டாலே பத்துக்கு இரண்டு மூன்று சரியாக வர வாய்ப்புண்டு. நிச்சயமாக இல்லை என்று தெரிந்த இரண்டை அடித்துவிட்டால் பத்துக்கு ஐந்து. குறைப்பு உள்ள வேறு தேர்வுகளில் இந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுபோகாதீர்கள்.

வரிசைக்கு எங்கள் பரிந்துரை: பொது அறிவு 15 நிமிடம், மொழி 20, நுண்ணறிவு 25, பிறகு கணக்குக்கு 75. மீதி 15 நிமிடம் சரிபார்க்க. கணக்கில் தொடங்கும் பிள்ளை ஒரே கேள்வியில் பத்து நிமிடம் மாட்டிக்கொண்டு, பொது அறிவில் வரம்புக்கு வேண்டிய 7 கேள்விகளைக்கூடத் தொடாமலேயே வெளியேறிவிடும். மொத்தம் நன்றாக இருந்தும் பகுதி வரம்பில் விழுவது இப்படித்தான்.

எம் பையன் ஜூன்ல பொறந்தவன். அஞ்சாவது படிக்கிறான், ஆனா வயசு பத்தலன்றாங்களே?

இது பலரைச் சிக்க வைக்கும் இடம். சைனிக் 6ஆம் வகுப்புக்கு, சேரும் ஆண்டின் மார்ச் 31இல் 10 வயது நிறைந்து 12ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும். 2025 சேர்க்கைக்கு 2013 ஏப்ரல் 1 முதல் 2015 மார்ச் 31 வரை பிறந்தவர்கள் எழுதினார்கள். 2015 ஜூனில் பிறந்தவன் அந்த ஆண்டு 5ஆம் வகுப்பில் இருந்தாலும் எழுத முடியாது. அடுத்த ஆண்டு, 6ஆம் வகுப்பு படித்துக்கொண்டே எழுதலாம். சேர்ந்தால் 6ஆம் வகுப்பைத் திரும்பப் படிக்க வேண்டும், அதற்கு வீட்டில் சம்மதமா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

ஒரே வகுப்பில் 2014 ஆகஸ்டில் பிறந்தவளும் 2015 ஜூனில் பிறந்தவனும் உட்கார்ந்திருப்பார்கள். பத்து வயதில் பத்து மாத இடைவெளி பெரியது. கை வேகம், பொறுமை, வாசிப்பு எல்லாவற்றிலும் தெரியும். இளையவன் பின்தங்கினால் மந்தம் என்று முத்திரை குத்தாதீர்கள்.

எல்லாரும் சேக்குறாங்கன்னு நாங்களும் கோச்சிங்ல சேக்கலாமா? எந்தப் புள்ளைக்கு வேணாம்?

அரசுத் தொடக்கப் பள்ளிகளின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக நிலை பிரித்திருப்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளை அரும்பு நிலையில் இருந்தால் போட்டித் தேர்வுப் பயிற்சி வேண்டாம். அந்தப் பணத்தையும் நேரத்தையும் வாசிப்புக்கும் அடிப்படைக் கணக்குக்கும் கொடுங்கள். மொட்டு நிலையில் இருந்தால், முன்பு சொன்ன ஐந்து கேள்விச் சோதனையை இருபது கணக்குகளில் செய்து பாருங்கள். பெரும்பாலும் முதல் இரண்டு படியில் விழுந்தால் இன்னும் ஒரு வருடம் பொறுக்கலாம்.

சேர்ப்பதென்று முடிவெடுத்தால் அங்கே மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? தமிழ் வழியில் நடத்துவீர்களா? தவறான விடைகளை யார், எப்போது பிள்ளையோடு உட்கார்ந்து பார்ப்பார்கள்? மூன்றாவதற்குத் தெளிவான பதில் வராத இடத்தில் சேர்க்காதீர்கள். சைனிக் பள்ளியில் இடம் கிடைத்தால் விடுதியில் தங்க வேண்டும் என்பதைப் பிள்ளையிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அம்மாவை விட்டு ஓர் இரவுகூட இருந்திராத பிள்ளையை, விடுமுறையில் பாட்டி வீட்டில் ஒரு வாரம் தனியாக விட்டுப் பாருங்கள்.